சொல்லிக்காட்டிப் பெரியப்பா

ஐந்து வருடமாகப் பேசாத அண்ணனுக்குப் போன வாரம் போன் போட்டு, “சனிக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணா” என்று சொன்ன பயிற்சியாளர், பதில் வருவதற்குள் பயந்துபோய்ப் போனைத் தானே வைத்துவிட்டார். பதில் வந்துவிட்டது. பத்து மணிக்கு வருவதாக அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார். தம்பிக்கு அல்ல, தம்பி மனைவிக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வண்டியில் அண்ணன் ஒரேயடியாகக் கிளம்புகிறார். அவர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. தனியாகக் கிடந்தது போதும், என்னோடு வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு நாள் பயணத் தூரம். போனால் திரும்புகிற வயது அவருக்கு இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனம் தம்பிக்கு இருக்குமா என்று தம்பிக்கே சந்தேகம்.

ஆகவே சனிக்கிழமை அவர் வரும்போது பயிற்சியாளர் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். “போகாதீங்கண்ணா, இங்கேயே இருந்துடுங்க.” அவ்வளவுதான். அதற்காகத் தன் அலுவல் அறையிலிருந்த சான்றிதழ்கள், கேடயங்கள், யாரோ ஒரு துணைத்தலைவருடன் கைகுலுக்கும் படம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, புதிதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

“அவர்கிட்ட கேட்டுட்டீங்களா?” என்றாள் மனைவி.

“நேர்ல கேக்கறதுதான் முறை.”

“முறையெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?” என்று அவள் தேநீர் வடிகட்டியைத் தட்டினாள். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகம் எந்த மூலைக்கு?

பயிற்சியாளரின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கிகள், ஆஸ்பத்திரிகள், பெரிய கடைகள் ஆகியவற்றில் முன்னால் உட்காருகிறவர்களுக்கு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுப்பவர் அவர். எவ்வளவு சிரிக்க வேண்டும், தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும், திட்டுகிற ஆளை எத்தனை முறை ‘ஐயா’ போட்டால் அடங்குவார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கத்திக்கொண்டே வந்த ஆள் கும்பிட்டுக்கொண்டே வெளியே போக வேண்டும். வந்த காரியம் முடிந்ததா என்பது வேறு இலாகா.

அப்படிப்பட்டவர் வீட்டுக் குழந்தை எப்படி இருக்கும்? எட்டு வயது மகள் பட்டாணிக்கு, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே பாடம் ஒட்டியிருந்தது. ‘பெரியவர்களிடம் பேசும் முறை’ என்று தலைப்பு, அடியில் ஏழு விதிகள், மேலே கண்ணாடித்தாள் உறை. குழம்புக் கை பட்டாலும் அழியாது.

அவற்றில் மூன்றாம் விதி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. யாரையும் மொட்டையாக ‘மாமா’, ‘அத்தை’ என்று கூப்பிடக் கூடாது. உலகத்தில் ஆயிரம் மாமா இருக்கிறார்கள். எந்த மாமா என்று சேர்த்துச் சொன்னால்தான், நம்மைத் தனியாக மதிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வாசலில் நிற்பவர் ‘வாட்ச்மேன் மாமா’, இரண்டாம் மாடியில் இருப்பவர் ‘வக்கீல் அத்தை’, மனைவியின் அக்கா புருஷன் ‘பேங்க் பெரியப்பா’. பட்டாணி கூப்பிட்டால் அந்தக் குடியிருப்பே குளிர்ந்துபோகும். பெரிய மனுஷி மாதிரி பேசுது பாருங்க என்பார்கள். பயிற்சியாளர் ‘அதெல்லாம் வளர்ப்பு’ என்பதுபோல் தரையைப் பார்த்துச் சிரிப்பார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கடைசி ஒத்திகை.

“மணி அடிச்சதும் என்ன செய்வே?”

“எழுந்து நிப்பேங்க.”

“அப்புறம்?”

“கையைக் கூப்பி, வாங்கன்னு சொல்லி, முழுசா கூப்பிடுவேங்க.”

“மொட்டையா கூப்பிட்டா?”

“நாய்க்குட்டியைக் கூப்பிடற மாதிரிங்க.”

“கேள்வி கேட்டா?”

“உண்மையை, முழு பதிலா, கண்ணைப் பாத்துச் சொல்லுவேங்க.”

“சபாஷ்.”

என்னவென்று கூப்பிடுவாய் என்று இந்த இடத்தில் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒத்திகை நன்றாகப் போனால் நாடகத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா செத்தபோது அவருக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பன்னிரண்டு. படிப்பை விட்டுவிட்டு லிஃப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கி, தம்பியைப் படிக்க வைத்தார். ஐந்து வருடத்துக்கு முன் தம்பி இந்த வீட்டை வாங்கி, மேலதிகாரிகளைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்தார். அண்ணன் வேலையிலிருந்து நேராக, மசகெண்ணெய் சட்டையோடு வந்துவிட்டார். பெரிய அதிகாரி ஒருவர், “இவர்?” என்று கேட்டார்.

“நம்ம லிஃப்ட் மெக்கானிக்” என்றார் தம்பி.

பொய் இல்லை. அதுதான் கொடுமை.

அண்ணன் அங்கிருந்து நகர்ந்தார். சமையலறைக்கு வந்து, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “உன்னைப் படிக்க வச்சவன்டா நான்” என்றார். வாழ்க்கையிலேயே ஒரு தடவை. அன்றைக்குப் போனவர்தான்.

மறுநாள் காலையில் பயிற்சியாளருக்குக் குற்றம் தன்மேல் என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மனிதன் என்ன செய்வான்? எதிராளிக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பான். “செஞ்சதைச் சொல்லிக்காட்டறாரு பாத்தியா? சொல்லிக்காட்டி!” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அண்ணனுக்கு அதுதான் பெயர். சொல்லிக்காட்டி வீடு மாத்திட்டாராம். சொல்லிக்காட்டி பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்காம். அண்ணி இறந்த செய்தி வந்தபோதுகூட, “சொல்லிக்காட்டி வீட்டம்மா போயிட்டாங்க” என்றுதான் அவர் வாயில் வந்தது. போய் ஒரு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று திரும்பிவிட்டார்.

“அந்தப் பேரை விடுங்க, குழந்தை காதுல விழுது” என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. மருந்துக் கடைக்காரி சொல்வதைப் பயிற்சியாளர் எதற்குக் கேட்க வேண்டும்?

பத்து மணிக்கு மணி அடித்தது.

கதவைத் திறந்தார். எதிரே அண்ணன். நன்றாக நரைத்திருந்தது. தேய்த்த சட்டை. கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. ‘அண்ணா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் பயிற்சியாளர். இருபது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“வாங்க, வாங்க, வாங்க” என்றார், தலையைச் சரியான அளவுக்குச் சாய்த்து.

“உங்க லிஃப்ட் இந்த மாடியில அரை இன்ச் கீழ நிக்குது” என்றார் அண்ணன். “பிரேக்கைப் பாக்கச் சொல்லு. யாராவது தடுக்கி விழப்போறாங்க.”

ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது. நடந்துவிடும் என்று பயிற்சியாளர் நினைத்தார். எல்லாம் சரியாகிவிடும். அண்ணன் ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு மறு காலுக்குக் குனிந்தார்.

பட்டாணி எழுந்து நின்றாள். கையைக் கூப்பினாள். தெளிவாக, கணீரென்று, ஒரு எழுத்துக்கூட விடாமல் சொன்னாள்:

“வாங்க, சொல்லிக்காட்டிப் பெரியப்பா.”

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

அண்ணன் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு வாசலில்.

“என்னம்மா சொன்னே?”

கேட்டால் முழு பதில். “சொல்லிக்காட்டிப் பெரியப்பாங்க. பேங்க் பெரியப்பா வேற. அவங்க அம்மாவோட அக்கா வீடு. நீங்க அப்பாவோட அண்ணன்.”

“சரிதான்” என்றார் அவர். “பேரு யாரு வச்சது?”

“அப்பா வச்சாங்க.”

“எப்போ?”

பட்டாணி யோசித்தாள். “தெரியலீங்க. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து உங்க பேரு அதாங்க.”

பயிற்சியாளர் சிரித்தார். சிரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தால் சிரிப்பு கோபித்துக்கொள்ளும். “குழந்தைங்க... ஸ்கூல்ல எதையாவது கேட்டுட்டு வந்து...”

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. ஆகவே பட்டாணி அவர் முடிக்கும்வரை காத்திருந்து, “ஸ்கூல்ல இல்லீங்க அப்பா. சாப்பிடும்போது நீங்கதான் சொல்வீங்க” என்றாள்.

“வாயை மூடு!” அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. “பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? மன்னிப்புக் கேளு! இப்பவே கேளு!”

பட்டாணியின் முகம் வெளுத்தது. அம்மாவைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பார்த்தாள். எந்த விதியில் தவறினோம் என்று தேடுகிறாள் என்பது யாருக்கும் புரியும். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வளர்ப்பு இருக்கிறதே! கையை மறுபடி கூப்பினாள்.

“என்னை மன்னிச்சுடுங்க, சொல்லிக்காட்டிப் பெரியப்பா.”

அண்ணன் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். முழங்கால் மடக்கென்றது. பிஸ்கட் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

“நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. மரியாதையாத்தான் கூப்பிட்டே. அழக்கூடாது.” நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். “அவளை ஏன்டா கேக்கச் சொல்றே?”

அந்த ‘டா’வில் ஒரு கதவு இன்னும் திறந்திருந்தது. பயிற்சியாளருக்கும் தெரிந்தது. ‘தப்பு என்னுது அண்ணா’ என்று மூன்றே வார்த்தை. உள்ளே இருந்தது, தொண்டைவரை வந்தது. வெளியே வந்தபோது இப்படி இருந்தது:

“தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு நாங்கள் மிகவும் வருந்துகிறோம்.”

ஆஸ்பத்திரி வரவேற்பறையில், ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானால் சொல்ல வேண்டிய வாக்கியம். இரண்டாயிரம் பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்தது.

“நாங்கள்னா யாருடா?” என்றார் அண்ணன்.

அண்ணன் காத்திருந்தார். லிஃப்ட் வேலைக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியும்.

“டீ சாப்பிடுங்க” என்றார் பயிற்சியாளர்.

தம்பி மனைவி கொண்டுவந்து கொடுத்த தேநீரை அவளுக்காக நின்றுகொண்டே பாதி குடித்தார் அண்ணன். அப்போதுதான் திறந்திருந்த அறை அவர் கண்ணில் பட்டது. வெறுமையான சுவர், ஆணி அடித்த தடங்கள், பிளாஸ்டிக் உறையோடு புதுக் கட்டில்.

“யாராவது தங்க வர்றாங்களா?”

மனைவி புருஷனைப் பார்த்தாள். இதைவிட ஒரு வாய்ப்பு தட்டில் வைத்து யாருக்கும் வராது. ஆனால் பயிற்சியாளருக்கு அந்த நேரத்தில் ஒரு ஞானோதயம். இப்போது கேட்டால், செய்த தப்புக்கு ஈடாகக் கட்டிலைக் கொடுப்பதுபோல் ஆகிவிடாதா? நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். போனில் கேட்டுக்கொள்ளலாம். கௌரவம் இருக்கிறதே, அது வேண்டாத நேரத்தில்தான் புத்திசாலியாக இருக்கும்.

“இல்ல... சும்மா வாங்கிப் போட்டது” என்றார்.

“நல்ல கட்டில்” என்றார் அண்ணன். “வரேம்மா” என்று தம்பி மனைவியிடம் சொன்னார். பட்டாணியின் தலையைத் தொட்டார். வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, லிஃப்ட்டைத் தாண்டிப் படியில் இறங்கினார்.

பயிற்சியாளர் பின்னாலேயே போனார். படியில் ஓடியிருந்தால் இரண்டாம் மாடியிலேயே பிடித்திருக்கலாம். ஆனால் படியில் ஓடுவது அவருக்குப் பழக்கமில்லை. பொத்தானை அழுத்திவிட்டு லிஃப்ட்டுக்காக நின்றார். கீழே போகப் போக அண்ணனின் காலடிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. லிஃப்ட் வந்தபோது உள்ளே காலை வைத்துத் தடுக்கினார். அரை இன்ச்.

கீழே வாசலில் யாரும் இல்லை. தெருமுனையில் ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

“லிஃப்ட் மெக்கானிக் இப்பத்தான் போனாரு சார்” என்றார் வாட்ச்மேன். “பிரேக்கு தேஞ்சிருக்காம். போர்டு எழுதி மாட்டச் சொல்லிட்டுப் போனாரு.”

“அவர் எங்க அண்ணன்” என்றார் பயிற்சியாளர்.

வாட்ச்மேன் அவரைப் பார்த்தார். “அப்படியா சார்? சொல்லவே இல்லையே.”

சொல்லியிருக்க வேண்டிய நாளுக்கு ஐந்து வருடம் பிந்தி, சொல்லியிருக்க வேண்டிய ஆளைவிட்டு வேறொருவரிடம், பஸ் போன பிறகு. காலத்தில் செய்யாத நல்ல காரியத்துக்கு உலகத்தில் குறைவே இல்லை.

மேலே வந்தபோது பட்டாணி சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பிஸ்கட் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி பிரிக்கப்படவில்லை. பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். இந்தக் கோணத்திலிருந்து அவர் தன் வீட்டைப் பார்த்ததே இல்லை. மேஜைக்கு அடியில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர்கள், அவள் கிறுக்கிய ஒரு மீன்.

“பட்டாணி.”

“சொல்லுங்க.”

“வெளிய வா.”

“வரேங்க. ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளு.”

“நான் எந்த விதியை மீறினேங்க?”

“நீ மீறல.”

“அப்ப எதுக்குங்க மன்னிப்புக் கேட்டேன்?”

பயிற்சியாளர் வாயைத் திறந்தார். இரண்டாயிரம் பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வாய். திறந்தபடியே இருந்தது.

“சொல்லுங்க” என்றாள் மனைவி, அவர் முதுகுக்குப் பின்னால். “கேக்கறா இல்ல? அது உங்க மன்னிப்பு. அதை அவ வாயில வச்சு அனுப்பினீங்க.”

“நீயாவது கட்டிலைப் பத்திச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்தான். நான் சொல்லி அவர் இருப்பார்னா போன வருஷமே சொல்லியிருப்பேன். நீங்க கூப்பிடாத வீட்ல அவர் ஒரு ராத்திரி படுப்பாரா? உங்க அண்ணனை எனக்குத் தெரிஞ்ச அளவுகூட உங்களுக்குத் தெரியல.”

மதியம் அவர் சாப்பிடவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை என்பது தனி வருத்தம். இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு இரண்டு தடவை அண்ணனுக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நடுவில் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து விதிகளை உரிக்கப் பார்த்தார். நல்ல பசை. ஒரு மூலை மட்டும் வந்து, ‘பெரியவர்களிடம்’ என்பது பாதியில் கிழிந்து நின்றது. பட்டாணி தூரத்திலிருந்து பார்த்தாள். அண்ணன் போனதிலிருந்து அவள் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அம்மா, அப்பா என்றுகூட இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை எடுத்துக் காட்டினாள்.

ஐந்தரை மணிக்கு மனைவியின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். “சொல்லுங்க” என்றாள். “இருக்கா” என்றாள். போனைப் பட்டாணியிடம் நீட்டினாள்.

“பெரியப்பா. உன்கிட்டதான் பேசணுமாம்.”

பயிற்சியாளர் எழுந்தார். மனைவி கையை லேசாக உயர்த்தினாள். உட்கார்ந்தார்.

பட்டாணி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும் ரெட்டைப் பின்னலும்தான். முதலில் அசையாமல் நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள். பிறகு கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினாள். ஒரு தடவை சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார் அவர். சத்தம் வரவில்லை.

பத்து நிமிடம் கழித்து வந்து போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

“என்னடி சொன்னாரு?”

“நாளைக்கு வண்டி ஏத்திவிட வரச் சொன்னாங்கம்மா. என்னையும் உன்னையும். அஞ்சு மணிக்கே வந்தா இன்ஜின் பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்களாம்.”

அடுத்த வார்த்தைக்காகப் பயிற்சியாளர் காத்திருந்தார். அது வரவில்லை. மனைவி அடுப்பைத் திருப்பிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள், தேய்த்து வைத்த பாத்திரத்தையே.

“பட்டாணி” என்றார் அவர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “அப்பா வரலாமான்னு... நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

பட்டாணி அவர் கண்ணைப் பார்த்தாள். உண்மையை, முழு பதிலாக.

“ஒண்ணும் சொல்லல. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். ஆனா மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டாங்க.”